ஃபுட்டியில் ஒரு சுற்றுக்கே பெயர் கொடுத்த சர் டக் நிக்கல்ஸ் யார்?

கேள்வி: 'ஃபுட்டி' எனப்படும் ஆஸ்திரேலியக் கால்பந்தின் பெரிய லீக்கான ஏஎஃப்எல் போட்டிகளில் ஒவ்வோர் ஆண்டும் 'சர் டக் நிக்கல்ஸ் ரவுண்ட்' என்று நடத்துகிறார்களே, யார் அவர்? அவ்வளவு பெரிய ஆட்டக்காரரா?

ஆட்டக்காரர் என்று மட்டும் பார்த்தால் அவரைவிடப் பெரியவர்கள் நிறையப் பேர் உண்டு. மெல்பர்னின் ஃபிட்ஸ்ராய் அணிக்காக 1932 முதல் 1937 வரை அவர் ஆடியது 54 ஆட்டங்கள்தான். ஆனால் அந்த 54 ஆட்டங்களை அடைய அவர் கடந்து வந்த தூரம் அதிகம்.

பிறந்தது 1906 டிசம்பர் 9. நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் தெற்கு எல்லையில், மரே ஆற்றங்கரையில் இருந்த கம்மெராகுஞ்சா என்ற பழங்குடிக் குடியிருப்பு. யோர்டா யோர்டா இனத்தவர். அந்த ஊர்ப் பள்ளியில் பல ஆண்டுகள் ஆசிரியராக இருந்தவர் தாமஸ் ஷாட்ராக் ஜேம்ஸ், மொரிஷியஸில் பிறந்த இந்திய வம்சாவளியினர். அவரிடம் படித்தவர்களில் பலர் பின்னாளில் பழங்குடி உரிமைப் போராட்டத்தில் முன்னால் நின்றார்கள். நம்மவர்களுக்கு இது அதிகம் தெரியாது என்பதால் சொல்லி வைக்கிறேன்.

டக் சுமார் எட்டு வயதுப் பையனாக இருந்தபோது போலீஸ் ஊருக்குள் வந்து, பதினாறு வயதான அவருடைய அக்கா ஹில்டாவைப் பிடித்துக்கொண்டு போனது. கூட்டமண்ட்ரா என்ற ஊரில் பழங்குடிப் பெண்களுக்கு வீட்டு வேலை பழக்கும் அரசு விடுதி இருந்தது, அங்கே அனுப்பத்தான். குற்றம் எதுவும் இல்லை, சட்டமே அப்படித்தான் இருந்தது.

1927-இல் மெல்பர்னுக்கு வந்து கார்ல்டன் அணியில் சேர முயன்றார். அவர் தோலின் நிறத்தைக் காரணம் காட்டி, உடம்பு பிடித்துவிட அங்கிருந்த ஆட்கள் மறுத்துவிட்டார்கள் என்பது பரவலாகச் சொல்லப்படும் செய்தி. அணியில் இடம் கிடைக்கவில்லை. சரி என்று ஒரு படி கீழே இருந்த விஎஃப்ஏ போட்டிகளில் ஆடிய நார்த்கோட் அணிக்குப் போனார். உயரம் 5 அடி 2 அங்குலம். அதை வைத்துக்கொண்டு, மோதலுக்குப் பேர்போன அந்த விளையாட்டில் விங் பகுதியில் நின்று எல்லோரையும் ஓடவிட்டார். 1929-இல் நார்த்கோட் கோப்பையை வென்றது.

எனக்கு அவர் கதையில் ரொம்பப் பிடித்தது ஓட்டப்பந்தயப் பகுதி. அந்தக் காலத்து விக்டோரியாவில் ஊருக்கு ஊர் பணப் பரிசு ஓட்டங்கள் நடக்கும், 'கிஃப்ட்' என்பார்கள். 1878 முதல் நடக்கும் ஸ்டாவெல் கிஃப்ட் இன்றும் ஈஸ்டர் நாட்களில் உண்டு. புல்தரையில் ஓட்டம். வேகமானவர் பின்னால் இருந்து கிளம்ப வேண்டும், மெதுவானவருக்கு சில கஜ தூரம் முன்சலுகை கிடைக்கும். அதனால் யார் ஜெயிப்பார் என்று கடைசி அடி வரை தெரியாது, சூதாட்டமும் தூள் பறக்கும். ஒலிம்பிக் கனவெல்லாம் இங்கே கிடையாது, பிழைப்புக்காக ஓடுவது. டக் 1929-இல் வாரக்னபீல் கிஃப்ட், நையா கிஃப்ட் இரண்டையும் வென்றார். அதற்கு அப்புறம் அவர் வருகிறார் என்றாலே கூட்டம் சேரும் என்று, வந்து ஓடுவதற்கே காசும் தங்குமிடமும் கொடுத்தார்கள். முந்தைய ஆண்டு ஸ்டாவெல்லை வென்ற லிஞ்ச் கூப்பரும் அதே சமூகத்துக்காரர்தான்.

பொருளாதார மந்தம் வந்தபோது ஜிம்மி ஷார்மன் குழுவில் சேர்ந்து குத்துச்சண்டையும் போட்டார். திருவிழாத் திடலில் கூடாரம் அடித்து, உள்ளூர் ஆட்களைச் சவாலுக்கு அழைக்கும் சண்டை அது. பந்து, ஓட்டம், குத்து என்று உடம்பால் என்னென்ன சம்பாதிக்க முடியுமோ எல்லாம் செய்திருக்கிறார்.

பிறகுதான் ஃபிட்ஸ்ராய். அங்கே உடை மாற்றும் அறையில் அவர் ஒதுங்கி உட்கார்ந்திருக்க, அணியின் நட்சத்திரமான ஹேடன் பண்டன் தானாகப் போய்ப் பக்கத்தில் இடம் பிடித்துக்கொண்டார் என்று சொல்வார்கள். பண்டன், லீக்கின் சிறந்த ஆட்டக்காரருக்குத் தரும் பிரவுன்லோ பதக்கத்தை மூன்று முறை வாங்கியவர், அவர் சேர்த்துக்கொண்டால் மற்றவர்கள் என்ன சொல்ல முடியும்? 1935-இல் டக் விக்டோரியா மாநில அணிக்கும் ஆடினார்.

1932-இலேயே அவர் சர்ச் ஆஃப் கிறைஸ்ட் சபையில் ஞானஸ்நானம் பெற்றிருந்தார், பின்னர் போதகர் ஆனார். மைதானத்தில் கிடைத்த பெயரை மேடையில் செலவழித்தார். உறவினரான பெரியவர் வில்லியம் கூப்பர் (மேலே சொன்ன லிஞ்சின் அப்பா) முன்னெடுத்த உரிமை இயக்கத்தில் சேர்ந்தார். வெள்ளையர் குடியேறி 150 ஆண்டு ஆனதை நாடு கொண்டாடிய 1938 ஜனவரி 26 அன்று, சிட்னியில் பழங்குடி மக்கள் அதைத் துக்க நாளாக அனுசரித்தார்கள், அதிலும் கலந்துகொண்டார். போர்க்காலத்தில் அவரை ராணுவத்துக்கு எடுத்தார்கள். ஆனால் மெல்பர்னின் ஃபிட்ஸ்ராய் பகுதியில் குடியேறிய பழங்குடி மக்களோடு வேலை செய்ய இவர் வேண்டும் என்று போலீஸே கேட்டதால் 1942-இல் விடுவித்தார்கள். அக்காவைக் கூட்டிப்போனதும் போலீஸ்தான் என்பதை நினைத்துப் பாருங்கள். அதே ஆண்டு, இறந்துபோன தன் அண்ணனின் மனைவி கிளாடிஸை மணந்தார். பழங்குடிப் பெண்களுக்கான விடுதி உட்பட நிறைய வேலைகளில் கிளாடிஸுக்கும் சம பங்கு உண்டு.

1972-இல் சர் பட்டம். பழங்குடியினரில் அதைப் பெற்ற முதல் ஆள் அவர். 1976 டிசம்பரில் தெற்கு ஆஸ்திரேலியாவின் ஆளுநர், பழங்குடியினர் ஒருவர் ஆளுநரானதும் அதுவே முதல் முறை. பக்கவாதம் வந்ததால் ஐந்தே மாதத்தில் பதவி விலக வேண்டியதாயிற்று. பலர் கதையை ஆளுநர் மாளிகையில் உச்சிக்குக் கொண்டுபோய் முடிப்பார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஃபிட்ஸ்ராய் தெருக்களில் வேலை தேடியும் வீடு தேடியும் வந்தவர்களுக்காக அலைந்த முப்பது ஆண்டுகளோடு ஒப்பிட்டால் அந்த ஐந்து மாதம் ஒரு பின்குறிப்பு.

1988-இல் இறந்தார், கம்மெராகுஞ்சாவிலேயே அடக்கம் செய்தார்கள். பழங்குடி வீரர்களைக் கௌரவிக்கும் ஏஎஃப்எல் சுற்றுக்கு 2016-இல் அவர் பெயரை வைத்தார்கள். கார்ல்டன் உட்பட எல்லா அணிகளும் அந்தச் சுற்றில் பழங்குடி ஓவியர்கள் வரைந்த சட்டை அணிந்து ஆடுகின்றன. மெல்பர்னில் இருப்பவர் என்றால் பார்லிமென்ட் கார்டன்ஸ் பக்கம் போய்ப் பாருங்கள், டக்கும் கிளாடிஸும் சேர்ந்து நிற்கும் சிலை இருக்கிறது.