மடக்குக் கத்தியும் பொக்லைனும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மார்த்தாண்டத்தில் ஒரு கடையில் ‘ஸ்விஸ் கத்தி’ என்று கேட்டு வாங்கினேன். இரண்டே மாதத்தில் அலகு ஆடுகிறது. கேட்டால், ‘இந்த மாடலுக்குப் பேரே அதுதானே’ என்கிறார் கடைக்காரர். ஏமாந்துவிட்டேனா?
– வாசகர், குலசேகரம்

பதில்: பேரைப் பொறுத்தவரை அவர் சொன்னது சரி. கத்தியோடு கத்தரி, தக்கைத் திருகி எல்லாம் மடங்கிக் கிடந்தால் யார் செய்திருந்தாலும் அது ஸ்விஸ் கத்திதான். கம்பெனி வைத்த பெயரே அல்ல அது. சுவிட்சர்லாந்தில் கார்ல் எல்சனர் 1897-ல் பதிவு செய்த மாடலை ஜெர்மனில் ‘அதிகாரிகள் கத்தி’ என்றார்கள். அந்தச் சொல் வாயில் நுழையாத அமெரிக்கச் சிப்பாய்கள் வைத்ததுதான் ‘ஸ்விஸ் ஆர்மி நைஃப்’. கம்பெனி பெயர் விக்டோரினாக்ஸ். எல்சனரின் தாயார் விக்டோரியாவின் பெயரோடு, துருப்பிடிக்காத எஃகைக் குறிக்கும் ‘இனாக்ஸ்’ 1921-ல் சேர்ந்தது.

அதனால் கம்பெனி பெயரைச் சொல்லியே கேளுங்கள். பெரிய அலகைத் திறந்தால், ஆணியை ஒட்டிய கூரில்லாத பகுதியில் அந்தப் பெயர் பிசிறில்லாமல் பதிந்திருக்க வேண்டும். சிவப்புப் பிளாஸ்டிக் பிடி போட்ட 91 மி.மீ. மாடலில் ஆணித்தலை வெளியே தெரியாது. பிடியை உள்ளிருக்கும் ஆணிகள்மேல் அழுத்திப் பொருத்துகிறார்கள். தெரிந்தால் சந்தேகப்படுங்கள். உங்கள் கத்தியில் தெரிகிறதென்றால் ஒரு நன்மை உண்டு: ஆணியின் ஒரு தலையை இரும்புக் கட்டைமேல் வைத்து, மறுதலையைச் சிறிய சுத்தியலால் இரண்டு மூன்று முறை மெல்லத் தட்டினால் ஆட்டம் குறையும். ஒவ்வொரு தட்டுக்கும் மடக்கிப் பாருங்கள். ஓங்கித் தட்டினால் அலகு இறுகி மடங்கவே மடங்காது.

கேள்வி: எந்தக் கம்பெனி இயந்திரம் மண் தோண்டினாலும் பொக்லைன் என்கிறோம், ஹிட்டாச்சி என்கிறோம். சொந்தக்காரர்களின் உரிமை போய்விடாதா?
– வாசகர், குளச்சல்

பதில்: நாம் பேசுவதால் மட்டும் போகாது. பொக்லைன் பிரான்ஸ் கம்பெனி, ஹிட்டாச்சி ஜப்பான் கம்பெனி. நம் வர்த்தகக் குறிச் சட்டம் 1999, பிரிவு 36-ன்படி, அதே பொருளை விற்கும் மற்ற வியாபாரிகளும் அந்தச் சொல்லைப் பொருளின் பெயராகவே வழங்குவது நிரூபணமானால்தான் பதிவுக்கு ஆபத்து. அமெரிக்காவில் ‘தெர்மாஸ்’ 1963-ல் பொதுச்சொல் என்று தீர்ப்பானது. ராம்பூரி, லாகியோல் என்ற கத்திப் பெயர்களின் கதை வேறு. அவை உத்தரப் பிரதேசத்து ராம்பூர், பிரான்ஸின் லாகியோல் என்ற ஊர்களின் பெயரால் வந்தவை. லாகியோல் வடிவக் கத்தி பாகிஸ்தானிலும் சீனாவிலும் தயாராகிறது. பிரான்ஸில் கத்தி செய்யும் ஒப்பினெல் குடும்பம் விவரமாக நடந்துகொண்டது. சொந்தப் பெயரோடு, கிரீடம் வைத்த கை முத்திரையையும் 1909-லேயே பதிந்துவிட்டார்கள். நம் மாவட்டத்தில் கத்தி அடித்து விற்பவர்களும் வெறும் ஊர்ப் பெயரை நம்பாமல், தனிச் சொல்லோ முத்திரையோ தேர்ந்து, வர்த்தகக் குறிப் பதிவில் கத்தி, கைக்கருவிகளுக்கான 8-ம் வகுப்பில் பதியலாம். தனிநபருக்கு ஆன்லைன் கட்டணம் 4,500 ரூபாய். 10 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்.

கேள்வி: வாழைக்குலை வெட்டிய பேனாக்கத்தி மடங்க மறுக்கிறது. தேங்காய் எண்ணெய் விட்டும் பலனில்லை.
– வாசகர், திருவட்டாறு

பதில்: கறை உள்ளே காய்ந்து பசையாகிவிட்டது. மேலே எண்ணெய் விட்டால் தூசியும் சேர்ந்து இறுகும். சோப்பு கலந்த வெந்நீரில் மூழ்க வைத்துப் பத்துப் பதினைந்து முறை திறந்து மூடுங்கள்; இடுக்கைப் பழைய பல்துலக்கியால் தேயுங்கள். நன்றாக உலர்ந்த பின் தையல் மெஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு. மரப்பிடி என்றால் ஊற வைக்காதீர்கள், மரம் உப்பி அலகைக் கவ்விக்கொள்ளும். ஈரத்துணியால் துடைத்தால் போதும்.