கேளுங்கள் மாஸ்டரை: பி.டி. பீரியடைக் கடன் கொடுக்காதீர்கள்

கேள்வி: மாஸ்டர், என் பையன் பத்தாவது படிக்கிறான். ஸ்கூல் திறந்த நாளிலிருந்தே பி.டி. பீரியடில் கணக்குதான் நடத்துகிறார்கள். ஸ்கூல் விட்டதும் நேரே டியூஷன், வீடு வந்து சேர எட்டரை. ராத்திரி 12 மணி வரை தூக்கம் வராமல் புரள்கிறான், காலையில் எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறான். ஸ்கூலில் போய்க் கேட்டால், "பப்ளிக் எக்ஸாம் வருதும்மா, உங்க பையன் பாஸாக வேணாமா?" என்று என்னையே மடக்குகிறார்கள். நான் கேட்டது தப்பா?
- ஒரு தாய், கொருக்குப்பேட்டை

பதில்: தப்பே இல்லைம்மா. இன்னும் சத்தமாகவே கேட்டிருக்கலாம். காலையில் இருட்டறை மாதிரி வகுப்பு, சாயந்திரம் டியூப் லைட்டுக்குக் கீழே டியூஷன், நடுவில் ஷேர் ஆட்டோவில் இடுக்கிக்கொண்டு ஒரு பயணம் என்று நாள் முழுக்க உட்கார்ந்தே கழிக்கிற பையனுக்கு ராத்திரி எப்படித் தூக்கம் வரும்? பகல் வெளிச்சம் கண்ணில் படவேண்டும், உடம்பு வியர்த்து அசரவேண்டும், அப்போதுதான் உடம்புக்கே எது பகல் எது ராத்திரி என்று பிடிபடும். 5 வயதிலிருந்து 17 வயது வரை உள்ளவர்கள் தினமும் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்குகிற அளவுக்கு ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதிலும் எலும்பும் தசையும் உறுதியாகிற மாதிரி குதிப்பது, ஏறுவது, தள்ளுவது எல்லாம் வாரத்தில் 3 நாளாவது இருக்க வேண்டும். இந்த 60 நிமிடமும் ஒரே மூச்சில் வரவேண்டியதில்லை, அங்கே 20 இங்கே 20 என்று சேர்ந்தாலும் கணக்குதான்.

பி.டி. பீரியடைப் பிடுங்கினால் மார்க் ஏறும் என்பது நம் ஊர் நம்பிக்கை, அவ்வளவுதான். விளையாட்டுக்கு நேரம் ஒதுக்கியதால் படிப்பு கெட்டது என்று பல நாடுகளில் தேடிப் பார்த்தும் ஆய்வுகளில் தெரியவில்லை. உதயநிதி ஸ்டாலின் விளையாட்டுத் துறை அமைச்சராக இருந்தபோது, பி.டி. பீரியடைக் கடன் வாங்காதீர்கள் என்று கணக்கு, அறிவியல் ஆசிரியர்களை மேடையிலேயே கேட்டுக்கொண்டார். ஓர் அமைச்சரே மைக் பிடித்துக் கேட்கிற அளவுக்கு இந்தக் கடன் முற்றிப்போயிருக்கிறது! வாங்கினவர் ஒருநாளும் திருப்பித் தந்ததாகவும் நான் கேள்விப்பட்டதில்லை.

அப்புறம், பீரியட் இருந்தால் மட்டும் எல்லாம் நடந்துவிடுகிறதா என்றால், அதுவும் இல்லை. நம் பக்கத்துப் பள்ளிக்கூடங்களை நினைத்துப் பாருங்கள். தெருவை ஒட்டி நாலு மாடி, கிரவுண்டு என்று பெயருக்கு ஒரு சிமெண்ட் முற்றம், அதில் பாதியில் டீச்சர்களின் ஸ்கூட்டி. ஸ்டோர் ரூம் சாவியை வைத்திருப்பவர் லீவு. கிடைத்த ஒரு பந்திலும் காத்து பாதிதான் இருக்கும், அதை 8 பையன்கள் துரத்துவார்கள், மிச்ச 50 பேரும் சுவரோரம் உட்கார்ந்து ரெக்கார்டு நோட்டில் படம் வரைவார்கள். பள்ளிக்கு விளையாட்டு மைதானம் வேண்டும் என்று 2009-ம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையிலேயே எழுதியிருக்கிறது. தமிழ்நாட்டில் 2012-ல் ஓவியம், உடற்கல்வி போன்ற பாடங்களுக்குப் பகுதிநேர ஆசிரியர்கள் 16,549 பேரை எடுத்தார்கள், அவர்களும் வருடக்கணக்காகப் பணி நிரந்தரம் கேட்டுப் போராடிக்கொண்டுதான் இருந்தார்கள். அதனால் பாவம், பி.டி. மாஸ்டரை மட்டும் திட்டிப் பயனில்லை. நாலைந்து தாய்மார் சேர்ந்து எழுத்தில் கொடுங்கள். அரசுப் பள்ளியென்றால் பள்ளி மேலாண்மைக் குழுவில் பேசுங்கள். தனியாகப் போனால் "உங்க பையன் பாஸாக வேணாமா" என்பார்கள், கும்பலாகப் போனால் நாற்காலி போடுவார்கள்.

அதுவரைக்கும் டியூஷனுக்கு முன்னால் அரை மணி நேரம் பந்தோ பேட்டோ கையில் கொடுத்து வெளியே அனுப்புங்கள். டியூஷன் மாஸ்டரிடம் நானே வேண்டுமானாலும் பேசுகிறேன். இரண்டு மூன்று வாரம் போயும் தூக்கம் வரவில்லை, சாப்பாடு இறங்கவில்லை, யாரிடமும் பேசப் பிடிக்கவில்லை என்றிருந்தால் அதைப் பந்து மட்டும் சரிசெய்யாது. 14416, அரசின் டெலி மானஸ் மனநல ஆலோசனை இலவச எண், தமிழில் பேசுவார்கள்.

கேள்வி: மாஸ்டர், நான் ஒன்பதாவது. கொஞ்சம் குண்டு. ஓடினால் ஒரு ரவுண்டிலேயே மூச்சு வாங்கும், எல்லாரும் சிரிப்பார்கள். வீட்டுப்பாடம் எழுதவில்லை என்றாலும் கிரவுண்டைச் சுற்றி 10 ரவுண்டு. பி.டி. இல்லாத நாள்தான் எனக்கு நல்ல நாள். பீரியட்ஸ் (மாதவிலக்கு) நாளில் விளையாடலாமா என்றும் சொல்லுங்கள்.
- பெயர் வேண்டாம், புதுவண்ணாரப்பேட்டை

பதில்: பாப்பா, உன் மேல் தப்பில்லை. வீட்டுப்பாடத்துக்கு ஓட்டத்தைத் தண்டனையாகக் கொடுத்தால் எந்தப் பிள்ளைக்கு ஓடப் பிடிக்கும்? அந்த ஆசிரியரை எனக்குத் தெரியாது, தெரிந்திருந்தால் நேரிலேயே கேட்டிருப்பேன். உடம்பை வருத்துகிற தண்டனை கூடாது என்று அதே கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. அம்மாவை வைத்து ஹெச்.எம்.மிடம் சொல்லச் சொல்.

மூச்சு வாங்குவது குண்டாக இருப்பதால்தான் என்று நீயே முடிவு பண்ணிக்கொள்ளாதே. உன் வயதுப் பெண்களில் நிறையப் பேருக்கு ரத்தம் கம்மி. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் பார்க்கச் சொல், 12-க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. ஸ்கூலில் வாரத்துக்கு ஒன்று என்று தருகிற இரும்புச்சத்து மாத்திரையை ஜன்னல் வழியே வீசுகிற வேலை வேண்டாம். (எனக்குத் தெரியும், வீசுகிறீர்கள்.)

எடையைக் குறைக்க விளையாடாதே, பிடித்ததை விளையாடு. மொட்டை மாடியில் ஸ்கிப்பிங் கயிறு, முதலில் ஒரு நிமிடம், அப்புறம் இரண்டு. சிரிக்கிறவர்கள் அங்கே வரமாட்டார்கள். பீரியட்ஸ் நாளில் தாராளமாக விளையாடலாம், லேசாக நடந்தால் சிலருக்கு வயிற்றுவலியும் குறையும். தாங்க முடியாத வலியோ, அதிகமான ரத்தப்போக்கோ இருந்தால் டாக்டரிடம் போ. விளையாட்டு என்றால் ஓட்டம் மட்டும்தான் என்றும் நினைக்காதே. செரியன் நகர் காசிமாவைத் தெரியுமா? உங்கள் ஏரியாதான், ஆட்டோ ஓட்டுநர் மகள். 2024-ல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம். கேரத்தில் வியர்க்காது, அதனால் ஸ்கிப்பிங்கை விட்டுவிடாதே, ஆனால் ஒரு போர்டின் முன்னால் உட்கார்ந்து கவனத்தை ஒரே இடத்தில் நிறுத்துகிற சுகம் அதில் உண்டு.

கேள்வி: என் மகள் பாக்ஸிங் கற்றுக்கொள்ள வேண்டும் என்கிறாள். முகத்தில் அடிபட்டால் யார் கட்டிக்கொள்வார்கள் என்று என் அக்கா சண்டைக்கு வருகிறார்.
- ஒரு தந்தை, காசிமேடு

பதில்: சார்பட்டா, இடியப்ப நாயக்கர் என்று பரம்பரை பிரித்துக் குத்துச்சண்டை போட்ட ஊரில் இருந்துகொண்டு இதை என்னிடம் கேட்கிறீர்களே அண்ணே! ஒலிம்பிக்கில் பெண்கள் குத்துச்சண்டை 2012-ல் வந்தது, வந்த வருடமே மேரி கோம் வெண்கலம் வாங்கினார், அப்போது அவர் பிள்ளைகள் பெற்ற தாய். அக்காவிடம் இதைச் சொல்லுங்கள், போதும்.

நீங்கள் பார்க்க வேண்டியது வேறு. பயிற்சி இடத்துக்கு முன்கூட்டிச் சொல்லாமல் ஒரு சாயந்திரம் போய் நில்லுங்கள். வேறு பெண் பிள்ளைகள் வருகிறார்களா, உடை மாற்றத் தனி இடம் இருக்கிறதா, பெற்றோர் உள்ளே வந்து பார்த்தால் கோச் முகம் சுளிக்கிறாரா? முதல் சில மாதம் ஸ்கிப்பிங், கால் நகர்த்தல், பையைக் குத்துவது, இதோடு நிறுத்தச் சொல்லுங்கள். ஹெட்கார்டும் பல் காப்பும் இல்லாமல் ஸ்பாரிங் (இன்னொருவரோடு மோதிப் பழகுவது) கிடையாது. தலையில் பட்டு மயக்கமோ வாந்தியோ வந்தால் அன்றே ஆஸ்பத்திரி, டாக்டர் சரி என்கிறவரை ரிங் பக்கமே போகக்கூடாது.

கேள்வி: இரண்டாவது படிக்கும் மகனை ஃபுட்பாலில் சேர்த்தால் பின்னால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை கிடைக்குமா?
- வாசகர், வியாசர்பாடி

பதில்: அரசு வேலையில் 3 சதவீதம் இருப்பது உண்மை. அதற்கு அங்கீகாரம் பெற்ற சங்கம் நடத்தும் பெரிய போட்டிகளில் ஜெயித்த சான்றிதழ் வேண்டும், தெருமுனை டோர்னமென்ட் கோப்பை செல்லாது. ஆனால் 7 வயதுக் குழந்தைக்கு இப்போதே பென்ஷன் கணக்குப் போடாதீர்கள் ஐயா. முல்லை நகர் மைதானம் பக்கத்தில் இருக்கிறது, விடுங்கள், ஓடட்டும்.

கேள்வி: பேரனுக்கு வீசிங். மணலி புகை, எண்ணூர் சாம்பல் எல்லாம் எங்கள் தலைமேல்தான். விளையாடவே விடாதீர்கள் என்கிறாள் மருமகள். என்ன செய்ய?
- ஒரு பாட்டி, திருவொற்றியூர்

பதில்: மருமகள் பயம் நியாயமானது அம்மா, ஆனால் வீட்டிலேயே பூட்டி வைத்தால் நெஞ்சு வலுவாகாது. வீசிங் கட்டுக்குள் இருந்தால் விளையாடலாம். எடுத்த எடுப்பில் ஓடாமல் 10, 15 நிமிடம் மெதுவாக நடந்து கைகால் நீட்டிவிட்டு ஆரம்பிக்கட்டும். விளையாடும் முன் இன்ஹேலரில் ஒரு பஃப் இழுக்க வேண்டுமா என்று அவன் டாக்டரைக் கேளுங்கள், சில குழந்தைகளுக்கு அப்படி எழுதிக்கொடுப்பது உண்டு. மார்கழி விடியற்காலை வேண்டாம், குளிரில் புகை மேலே போகாமல் தரையோடு படிந்து நிற்கும், சாயந்திரம் தேவலை. போகி அன்றும், காற்றில் காரநெடி அடிக்கிற நாளிலும் கதவைச் சாத்திக்கொண்டு கேரம் போர்டை எடுங்கள். 2023 டிசம்பரில் எண்ணூரில் அம்மோனியா கசிந்த ராத்திரி ஜனங்கள் மூச்சுவிட முடியாமல் தெருவுக்கு ஓடிவந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.

இன்ஹேலர் ஸ்கூல் பையில் அல்ல, அவன் சட்டைப் பையில் இருக்க வேண்டும். பி.டி. சாரிடம் நீங்களோ மருமகளோ நேரில் போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள். டைரியில் எழுதி அனுப்பினால் அது அவர் கைக்குப் போகாது, கணக்கு டீச்சர்தான் கையெழுத்துப் போடுவார்.