இரணைமடுத் தோணிக்கு வட்டுவாகல் வானம்: புகைப்படமா, டிஜிட்டல் கலையா?

கேள்வி: இரணைமடுக் குளக்கட்டில் நின்று, காலை ஏழு மணிபோல, ஒரு தோணிக்காரர் வலை இழுப்பதைத் தெற்குப் பக்கம் பார்த்துப் படம் எடுத்தேன். வானம் வெளிறிப்போய்க் கிடந்தது. வேறொரு நாள் வட்டுவாகல் பாலத்தடியில் எடுத்த பின்னேர வானத்தை வெட்டி அதில் பொருத்தினேன். கரையில் கிடந்த ஒரு பிளாஸ்டிக் போத்தலையும் அழித்துவிட்டேன். இரண்டு படங்களும் என் கமராவில் நானே எடுத்தவை. போட்டியில் ‘புகைப்படம்’, ‘டிஜிட்டல் கலை’ என இரண்டு பிரிவுகள். எதில் போடுவது? அந்தப் படத்தைப் பார்த்துத் தங்கச்சியும் டப்லெற்றில் வரைந்திருக்கிறா. அவ எதில் போடலாம்?
(வாசகர் ஒருவர், முள்ளியவளை)

பதில்: டிஜிட்டல் கலையில் போடுங்கள், தம்பி. தங்கச்சியுடையதும் அதே பிரிவுதான்.

நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வானம் மாற்றியதை நீங்கள் சொல்லாமல் விட்டிருந்தாலும் தோணி காட்டிக்கொடுத்திருக்கும். காலை வெயில் இடப்பக்கத்தால் விழுந்து தோணிக்காரருடைய இடக் கன்னம் மினுங்குகிறது. நிழல் தண்ணீரில் வலப்பக்கம் நீள்கிறது. நீங்கள் ஒட்டிய சூரியனோ வலப்பக்கம் இறங்குகிறது. நிழல் சூரியனை நோக்கிப் போகிறது! தண்ணீருக்குள் பார்த்தால் இன்னும் அந்தப் பழைய வெள்ளை வானம்தான். இந்த இரண்டையும் கண்ட நடுவர் புகைப்படப் பிரிவில் அதை ஒரு நிமிடமும் வைத்திருக்க மாட்டார்.

வெளிறின வானம் உங்களுக்கு மட்டும் வந்த கரைச்சல் இல்லை. 1850களில் பிரான்சில் குஸ்தாவ் லெ கிரே கடலைப் படம் எடுத்தபோது, அந்தக் காலத்துக் கண்ணாடித் தகடுகள் நீல ஒளியை அளவுக்கு மிஞ்சி உறிஞ்சின. கடல் சரியாக விழுந்தால் வானம் வெறும் வெள்ளை. அவர் வானத்துக்கு ஒரு நெகட்டிவ், கடலுக்கு ஒரு நெகட்டிவ் என்று வைத்து இரண்டையும் ஒரே தாளில் அச்சிட்டார். கணினி இல்லாமலே நீங்கள் செய்ததைச் செய்துவிட்டார். ஆகவே ‘கணினி தொட்டால் டிஜிட்டல் கலை’ என்று பிரிப்பது சரிவராது. மறுபக்கமும் பாருங்கள்: வழமையான டிஜிட்டல் கமராவில் ஒளியை வாங்கும் சென்சரில் ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றில் ஒன்றை மட்டுமே அளக்கிறது. மற்ற இரண்டையும் பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்துக் கணக்குப்போட்டு நிரப்புகிறது. அந்த அளவுகோலைப் பிடித்தால் புகைப்படப் பிரிவில் ஒருத்தரும் மிஞ்சார்.

நான் கேட்பது ஒன்றைத்தான்: படத்தில் தெரிவது, சட்டர் திறந்த அந்த நேரம் கமராவுக்கு முன்னால் இருந்ததா? வெளிச்சம் கூட்டுவது, ஓரம் வெட்டுவது, கறுப்பு வெள்ளை ஆக்குவது, சென்சரில் ஒட்டிய தூசியை எடுப்பது எல்லாம் இருந்ததை ஒழுங்காகக் காட்டுகிற வேலை. நின்ற இடத்திலேயே நாலைந்து படம் எடுத்து அகலமாகச் சேர்ப்பதையும் நான் புகைப்படம் என்றே எடுப்பேன், விதி தடுக்காவிட்டால். வட்டுவாகல் வானம் இரணைமடுவில் இருந்ததில்லை. அதையும் நீங்களே எடுத்தீர்கள் என்பது உரிமைப் பிரச்சினையைத் தீர்க்கும். பிரிவுப் பிரச்சினையைத் தீர்க்காது.

போத்தல்தான் சிக்கல். எடுக்கும் முன் இறங்கிப்போய் அதைப் பொறுக்கியிருந்தால் எவரும் கேட்கப்போவதில்லை. பிறகு அழித்தால் கேட்பார்கள். பொதுப் பிரிவுகளில் சில நடுவர்கள் விட்டுவிடுவார்கள். இயற்கைப் பிரிவென்றால், சர்வதேசப் புகைப்படக் கலைக் கூட்டமைப்பின் விதிப்படி ஓரம் வெட்டலாமே தவிர, படத்துக்குள் இருந்த எதையும் எடுக்கவோ சேர்க்கவோ கூடாது. செய்திப் படத்தில் இன்னும் கடுமை: சிரியாவில் எடுத்த படமொன்றின் மூலையில் கிடந்த சக ஊழியரின் வீடியோ கமராவை அழித்ததற்காக, 2014இல் ஏபி செய்தி நிறுவனம் புலிட்சர் பரிசு பெற்ற ஒரு படப்பிடிப்பாளரோடு உறவை முறித்துக்கொண்டது.

இதெல்லாம் பிரிவு வைத்த போட்டிக்குத்தான். எங்கள் ஸ்ரூடியோவில் நான் அதிகம் செய்த வேலை வேறு. இடப்பெயர்வில் அல்பங்கள் போய்விட்டன. மிஞ்சியது லமினேற் பண்ணிய அடையாள அட்டை மட்டும். அதிலிருக்கிற நகமளவு முகத்தை எடுத்துப் பெரிதாக்கி, கோட் போட்டு, மனுசிக்குப் பக்கத்தில் இருத்தித் தரச்சொல்லிக் கேட்பார்கள். ஒரு அம்மா, கோட் வேண்டாம் தம்பி, அவர் சாரமும் சேட்டும்தான் உடுத்துவார் என்று திருத்தித் தந்தா. சுவரில் மாட்டுகிற அந்தப் படத்திடம் நீ எந்தப் பிரிவென்று கேட்க எனக்கு வாய் வராது.

தங்கச்சி கையால் வரைந்திருந்தால், ‘அண்ணாவின் புகைப்படத்தைப் பார்த்து வரைந்தது’ என்று ஒரு வரி போடட்டும். செயலியில் ஒரு பட்டனை அமத்தி ஓவியமாக்கியது என்றால் அதையும் எழுதவேண்டும். செயற்கை நுண்ணறிவில் வந்த படமென்றால் முதலில் ஏற்பாட்டாளரிடம் கேளுங்கள். 2023இல் ஜேர்மனியரான போரிஸ் எல்டாக்சன் சோனி உலகப் புகைப்பட விருதின் ஒரு பிரிவில் வென்றுவிட்டு, இது செயற்கை நுண்ணறிவு உண்டாக்கியது, புகைப்படம் அல்ல என்று சொல்லிப் பரிசை மறுத்தார்.

கமராவில் இருந்து இறக்கிய மூலக் கோப்பை அழிக்காதீர்கள், நடுவர்கள் கேட்கக்கூடும். வாட்சப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அளவு சுருங்கி, எடுத்த நேரம் முதலான விபரங்களும் போய்விடும். டொக்கியூமென்ற் ஆக அனுப்புங்கள்.

இன்னொன்று. வெள்ளை வானத்தோடு நீங்கள் அனுப்பிய மூலப் படத்தில், வலைக்கயிறு அவருடைய விரல்களுக்குள் இறுகி நிற்பது நன்றாகத் தெரிகிறது. சிவந்த வானம் வந்த படத்தில் கண் அங்கே போகவேயில்லை. மேல் பாதி வானத்தை வெட்டிக் கறுப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள். ஒரே காட்சியை இரண்டு பிரிவிலும் ஏற்பார்களோ என்று கேட்டுக்கொண்டு, அதைப் புகைப்படப் பிரிவுக்கு அனுப்புங்கள், போத்தலோடே.