14 வயது மகன் உடம்பை அசைக்கவே மறுக்கிறான், என்ன செய்யலாம்?

நீங்கள் கேட்டிருப்பதன் சுருக்கம் இது: மகன் ஒன்பதாம் வகுப்பு. பள்ளி, டியூஷன், மிச்ச நேரமெல்லாம் போன். விடியற்காலையில் எழுப்பி நடைப்பயிற்சிக்கு இழுத்துப் போனீர்கள், சில நாட்களிலேயே அது சண்டையில் முடிந்தது. எடையும் ஏறிக்கொண்டே போகிறது. இனி என்ன செய்வது?

அரசுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பிள்ளைகள் வாயில் 'பி.டி. சார்'. ஓடச் சொல்லாமலே ஓடுகிற பிள்ளைகளை எனக்குத் தெரியும். மைதானத்தைக் கண்டாலே வயிற்றுவலி வந்துவிடுகிற பிள்ளைகளை அதைவிட நன்றாகத் தெரியும். உங்கள் மகன் இரண்டாம் வகை என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

விடியற்காலைத் திட்டத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். பருவ வயதில் தூக்கத்தை வரவழைக்கும் மெலடோனின் இரவில் பிந்தித்தான் சுரக்கத் தொடங்குகிறது. பதினொன்று வரை கொட்டக் கொட்ட விழித்திருப்பதில் போனுக்குப் பங்கு உண்டு, உடம்புக்கும் பங்கு உண்டு. இந்த வயதுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். ஒன்பது மணிக்கு டியூஷன் முடிந்து, சாப்பிட்டு, வீட்டுப்பாடம் எழுதிவிட்டுப் படுப்பவனை ஐந்து மணிக்கு எழுப்பினால் தூக்கமும் கெடும், நடையின் மேல் வெறுப்பும் வளரும். விடியற்காலை நடை அப்பாக்களுக்குத்தான் பிடிக்கும். நாற்பதைத் தாண்டினால் பலருக்கு விழிப்பு தானாகவே வந்துவிடுகிறது. அதை நாம் ஒழுக்கம் என்று நினைத்துக்கொள்கிறோம்.

அடுத்து, உடற்பயிற்சி என்றால் அவன் மனத்தில் என்ன பதிந்திருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். தாமதமாக வந்தால் மைதானத்தை இரண்டு சுற்று. வீட்டுப்பாடம் எழுதாவிட்டால் தோப்புக்கரணம். வகுப்பில் பேசினால் முட்டி போடு. உடம்பை வருத்துவதுதான் தண்டனை என்று சிறு வயதிலிருந்தே பாடம் நடத்திவிட்டு, பதினான்கு வயதில் 'நல்லது, செய்' என்றால் எந்தப் பிள்ளை நம்பும்? வீட்டிலும் இதே கதைதான். 'நேற்று மூன்று பரோட்டா சாப்பிட்டாய் அல்லவா, இன்றைக்கு நட' என்கிறோம். சாப்பிட்டதற்கு அபராதம் போடுகிறோம்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய தடை ஒன்று உண்டு. வெட்கம்.

பி.டி. பீரியடில் இரண்டு கேப்டன்கள் நின்று ஆள் பிரிப்பார்கள். முதலில் வேகமானவர்கள், பிறகு கேப்டனின் நண்பர்கள், கடைசியில் இரண்டு மூன்று பேர் மிஞ்சுவார்கள். 'இவனை நீயே வைத்துக்கொள்' என்று ஒருவன் இன்னொருவனிடம் தள்ளிவிடுவான். சில வாரம் இப்படி நடந்தால் போதும், அந்தப் பையன் வேப்பமரத்தடிக்குப் போய்விடுவான். மற்றவர்களின் செருப்புக்கும் கைக்கடிகாரத்துக்கும் அவன் காவல். 'நான் ஸ்கோர் எழுதுகிறேன் சார்' என்பான். அழகாகவும் எழுதுவான். ஆசிரியர்கள் அறையில் அவனைச் சோம்பேறி என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றியதே இல்லை. இத்தனை பேர் பார்க்கத் தோற்பதைவிடப் பென்சிலோடு உட்கார்ந்திருப்பது மேல் என்று முடிவெடுத்திருக்கிறான். அவன் நிலைமையில் அது புத்திசாலித்தனமான முடிவும்கூட. அடுத்தவர் பார்வை இந்த வயதில் சுடுவதுபோல் வேறெந்த வயதிலும் சுடாது.

அப்படி ஸ்கோர் எழுதிக்கொண்டிருந்தவர்களில் ஒருவன் நல்ல பருமன். அவனை ஓடச் சொல்லவே இல்லை நான். ஒரு நாள் பள்ளி விட்டபின் குண்டு எறிதல் வட்டத்துக்குச் சுண்ணாம்புத் தூள் போட அவனைத் துணைக்கு வைத்துக்கொண்டேன். வேலை முடிந்ததும், 17 வயதுக்கு உட்பட்ட பையன்களுக்கான 5 கிலோ குண்டை அவன் கையில் கொடுத்தேன். எல்லோரையும்போல அவனும் உள்ளங்கையில் வைத்து, கிரிக்கெட் பந்தை வீசுவதுபோல் வீசப் பார்த்தான். காலடியிலேயே 'தொப்' என்று விழுந்தது. குண்டை உள்ளங்கையில் வைக்கக் கூடாது, விரல்களின் அடியில் அமர்த்த வேண்டும். தாடைக்குக் கீழே கழுத்தோடு ஒட்டிவைத்து, முழங்காலை மடக்கி, இடுப்பிலிருந்து எழும்பித் தள்ள வேண்டும். நாலைந்து தடவை காட்டியதும் பிடித்துக்கொண்டான். அதுவரை ஊரே கேலி செய்த எடை, இப்போது குண்டின் பின்னால் நின்று அதைத் தள்ளியது. தலைமை ஆசிரியரின் அறைப் பக்கம் திரும்பி, யாராவது பார்த்தார்களா என்று தேடினான். யாரும் இல்லை. அதனால்தான் அவன் மறுநாளும் வந்தான்.

வட்டாரப் போட்டியில் அவன் பரிசு எதுவும் வாங்கவில்லை. ஆனால் தோளுக்காகத் தண்டால், காலுக்காகப் படிக்கட்டு ஏறுதல் என்று நான் சொன்னதையெல்லாம் முணுமுணுக்காமல் செய்தான். முன்பு 'உடம்பு இளைக்க' என்று சொல்லப்பட்டபோது அவை தண்டனை. இப்போது அரை அடி கூடுதலாகத் தள்ளுவதற்கு.

ஆகவே உங்கள் மகனுக்கு எது நல்லது என்பதை விட்டுவிட்டு, அவனுக்கு எது ஓரளவு கைவரும் என்று தேடுங்கள். தொடக்கத்தில் யார் கண்ணிலும் படாமல் கற்கக்கூடியதாக அது இருக்கட்டும். கனமான பிள்ளைக்குக் குண்டு, வட்டு, கபடியில் கார்னர் (ஓரத்தில் நின்று, பாடி வருபவனைப் பிடிக்கிற இடம்). ஒல்லியாக, கூச்சத்தோடு இருப்பவனுக்கு இறகுப்பந்து. மொட்டை மாடியில் ஒரே ஒரு கூட்டாளி போதும். குழு விளையாட்டே வேண்டாம் என்பவனுக்குச் சிலம்பம் நன்றாகப் பொருந்தும். தொடக்கத்தில் காலடியும் வீச்சும்தான். எதிராளி இல்லை, எனவே தோல்வியும் இல்லை. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டில் சிலம்பம் செயல்விளக்கப் போட்டியாக இடம்பெற்றது, எனவே 'தாத்தா காலத்து விளையாட்டு' என்று அவன் முகம் சுளித்தால் சொல்வதற்கு ஒரு பதில் உண்டு. மூன்று நான்கு வகைகளை முன்னால் வைத்து அவனையே எடுக்கச் சொல்லுங்கள். எடுத்ததை இரண்டு மாதத்தில் விட்டுவிட்டால் விடட்டும், அடுத்ததைப் பார்க்கலாம். 'கட்டின பணம் போச்சே' என்ற ஒரு வசனத்தை மட்டும் விழுங்கிவிடுங்கள்.

எவ்வளவு செய்ய வேண்டும்? 5 முதல் 17 வயது வரை உள்ளவர்களுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடம், மூச்சு சற்று வாங்கும் அளவுக்கு. அதில் வாரம் மூன்று நாளாவது தசைக்கும் எலும்புக்கும் வலுவூட்டும் பயிற்சி. உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் இது. அறுபது நிமிடம் என்றதும் மலைக்க வேண்டாம், ஒரே மூச்சில் செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. பள்ளி ஒன்றரை கிலோமீட்டரில் இருந்தால் நடை இருபது நிமிடம், போகவர நாற்பது. அந்த நாற்பது நிமிடத்தைத்தான் ஸ்கூட்டரின் பின்சீட்டில் உட்காரவைத்து நாம் பிடுங்கிக்கொள்கிறோம். சாலை ஆபத்து என்பது உண்மைதான். எல்லா ஊரிலும் நடக்கவிட முடியாது. அப்படியானால் டியூஷனுக்காவது சைக்கிளில் போகட்டும். அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு விலையில்லா சைக்கிள் தருகிறார்கள். கிடைத்த கையோடு அது மாடிப்படிக்குக் கீழே போய் டயர் வெடித்துக் கிடப்பதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

கூடவே நீங்களும் நடக்கலாம், மதிப்பெண் பேச்சை எடுக்காதவரை. அப்பாவோடு நடப்பது என்றால் கணக்குத் தேர்வு விசாரணை என்று தெரிந்துவிட்டால் மறுநாள் அவனுக்குத் தலைவலி வரும். நண்பர்கள் இன்னும் உத்தமம். தெருமுனைக் கடைக்குப் போக அலுத்துக்கொள்கிற பிள்ளைகள், சேர்ந்தாற்போல் நாலு பேர் கிடைத்தால் பௌர்ணமி இரவில் திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் கிரிவலத்தைச் சிரித்துக்கொண்டே முடித்துவிடுகிறார்கள்.

போனைப் பணயமாக வைக்காதீர்கள். 'அரை மணி நேரம் நடந்தால் ஒரு மணி நேரம் போன்' என்று ஒப்பந்தம் போட்டால் நடை கூலி வேலையாகவும் போன் சம்பளமாகவும் ஆகிவிடும். சம்பளம் நின்ற அன்று வேலையும் நின்றுவிடும். டிரெட்மில் வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தால், அந்தப் பணத்தில் காலுக்குப் பொருந்துகிற நல்ல ஷூ ஒரு ஜோடி வாங்குங்கள், மிச்சத்தை வங்கியில் போடுங்கள்.

எடையைப் பற்றி அவன் காதுபட யாரும் பேசக் கூடாது. கல்யாண வீட்டில் 'எந்தக் கடையில் அரிசி வாங்குகிறீர்கள்?' என்று கேட்டுச் சிரிக்கிற மாமாவையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அவரை நீங்கள்தான் அடக்க வேண்டும், பிள்ளையால் முடியாது.

சில பிள்ளைகள் மறுப்பதற்கு உடம்பிலேயே காரணம் இருக்கும். முழங்கால் சில்லுக்குக் கீழே எலும்பு சற்றுப் புடைத்து, தொட்டால் வலித்தால், அது வளரும் வயதில் வருகிற ஆஸ்குட் ஷ்லாட்டர் என்ற தொல்லையாக இருக்கலாம். குதிப்பதையும் ஓடுவதையும் கொஞ்ச காலம் குறைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். சாக்குச் சொல்கிறான் என்று ஓடவைத்தால் வலி கூடும். ஓடி முடித்த பிறகு இருமலும் இழுப்பும் வந்தால் ஆஸ்துமாவா என்று பார்க்க வேண்டும். ஓடும்போது நெஞ்சுவலியோ மயக்கமோ வந்தால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். பிடரியில் கருப்பாக, வெல்வெட் துணிபோல் தடித்திருந்தால் அழுக்கு என்று நினைத்துக் கடலை மாவும் எலுமிச்சையும் போட்டுத் தேய்க்கிறார்கள். இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளமாக அது பல பிள்ளைகளுக்கு வருகிறது. தேய்ப்பதை நிறுத்திவிட்டுச் சர்க்கரை அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். நன்றாக விளையாடிக்கொண்டிருந்தவன் திடீரென்று எல்லாவற்றையும் விட்டு அறைக்குள் முடங்கினால் அதை உடற்பயிற்சிப் பிரச்சினையாகப் பார்க்காதீர்கள். மனத்தில் என்ன என்று கேளுங்கள், பள்ளியில் யாராவது தொல்லை கொடுக்கிறார்களா என்று விசாரியுங்கள்.

கேள்வி மகனைப் பற்றியது என்றாலும், மகள் இருப்பவர்களும் படிப்பார்கள். 2019-இல் வெளிவந்த உலக சுகாதார நிறுவன ஆய்வு ஒன்று 146 நாடுகளின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்தது. 11 முதல் 17 வயது வரையிலானவர்களில் போதிய உடலுழைப்பு இல்லாதவர்கள் நூற்றுக்கு 81 பேர். பெண் பிள்ளைகளில் 85, ஆண் பிள்ளைகளில் 78. இந்தியாவில் மொத்தத்தில் சுமார் 74 என்று கொஞ்சம் தேவலாம்போல் இருந்தது. பையன்கள் கிரிக்கெட் ஆடுவதும் பெண் பிள்ளைகள் வீட்டு வேலை செய்வதும் காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் எழுதினார்கள். இதில் பெருமைப்பட என்ன இருக்கிறது? ஏழாம் வகுப்புவரை கோ-கோவில் பறந்த பெண் பிள்ளைகள் எட்டாம் வகுப்பில் மரத்தடிக்கு வருவதை நான் ஆண்டுதோறும் பார்த்தேன். பலருக்குக் காரணம் மிகச் சிறியது: விளையாட்டுக்கு ஏற்ற உள்ளாடை இல்லை, மாதவிடாய் நாட்களில் நாப்கின் மாற்ற இடம் இல்லை, துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு ஓட முடியவில்லை. இவற்றைப் பி.டி. சாரிடம் எந்தப் பெண் பிள்ளையும் சொல்லாது. அம்மா கேட்டால்தான் வரும். மேலும், 2019–21-இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு இரத்தசோகை. படி ஏறினாலே களைக்கிற பெண்ணுக்கு முதலில் ஹீமோகுளோபின் பரிசோதனை, பிறகு அறிவுரை.

இன்னும் ஓரிரு ஆண்டில் உங்கள் மகனே ஜிம்முக்குப் போக வேண்டும் என்று கேட்கக்கூடும். கை பெருக்கும் ஆசை வருகிற வயது அது. 'எடை தூக்கினால் வளர்த்தி நின்றுவிடும்' என்று தடுக்காதீர்கள். அதற்கு ஆதாரம் இல்லை. முறையாகக் கற்றுத்தருகிற ஆள் பக்கத்தில் இருந்து, எடையைப் படிப்படியாகக் கூட்டினால் பருவ வயதில் அது பாதுகாப்பானதுதான். புரோட்டீன் பவுடர் டப்பாவை மட்டும் வீட்டுக்குள் விடாதீர்கள். முட்டை, சுண்டல், வேர்க்கடலை, பருப்பு போதும்.

'பத்தாம் வகுப்பு வருகிறதே, நேரம் எங்கே?' என்றுதான் அடுத்து கேட்பீர்கள். நேரம் பள்ளியின் கால அட்டவணையிலேயே இருக்கிறது. பி.டி. என்று எழுதியிருக்கும் அந்தக் கட்டத்தில் கணக்கு ஆசிரியரோ அறிவியல் ஆசிரியரோ வந்து பாடம் நடத்திக்கொண்டிருப்பார். 'போர்ஷன் முடியவில்லை சார், இந்த ஒரு வாரம் மட்டும்' என்று என்னிடமே கேட்டு வாங்கிப் போவார்கள், அந்த ஒரு வாரம் முழு ஆண்டுத் தேர்வு வரை நீளும். என் பணிக்காலத்தில் பெற்றோர் கூட்டத்தில் மதிப்பெண் கேட்டவர்கள் உண்டு, டைரி கேட்டவர்கள் உண்டு, டை ஏன் கட்டவில்லை என்று கேட்டவர்கள்கூட உண்டு. பி.டி. பீரியட் நடக்கிறதா என்று ஒருவரும் கேட்டதில்லை. அடுத்த கூட்டத்தில் நீங்கள் கேளுங்கள். அட்டவணையைக் காட்டுவார்கள். போன வாரம் அந்த நேரத்தில் ஒன்பதாம் வகுப்பு எங்கே இருந்தது என்று கேளுங்கள்.