அம்மா தனியே இருக்கும் வீட்டுக்கு எட்டுக் கமரா எதற்கு?

கேள்வி: கனடாவில் இருக்கிறேன். யாழ்ப்பாணம் கொக்குவிலில் எங்கள் பழைய ஓட்டு வீட்டில் அம்மா தனியே இருக்கிறா. எட்டுக் கமராவும் அலாரமும் பூட்டித் தருவதாகத் தெரிந்தவர் ஒருவர் விலை அனுப்பியிருக்கிறார். இது போதுமா?

கூடிப்போய்விட்டது, போதவும் போதாது.

கமரா கள்ளனைத் தடுக்காது. வந்து போனதைப் பிறகு காட்டும், அவ்வளவுதான். முகத்தை மூடிக்கொண்டு வந்தால் அதுவும் இல்லை. உங்களுக்கு வேண்டியது, நடுச்சாமத்தில் ஒருவர் அம்மாவிடம் ஓடி வருவது. அது யார் என்று முதலில் முடிவு செய்யுங்கள், கருவியை அப்புறம் வாங்கலாம்.

அலாரம் அடித்தால் உங்கள் கைபேசிக்கே அழைப்பு வரும் என்று விற்பவர் பெருமையாகச் சொல்லியிருப்பார். இங்கே இரவு இரண்டு மணி என்றால் டொரொன்டோவில் முந்தின நாள் பின்னேரம், கோடையில் நாலரை, குளிர்காலத்தில் மூன்றரை. நீங்கள் வேலையில் நிற்பீர்கள். போனை எடுத்தாலும் என்ன செய்வீர்கள்? அங்கிருந்து 119 அடித்தால் அது இலங்கைப் பொலிஸுக்கு வராது. ஆகவே அலாரம் அடித்தால் கருவி அழைக்கும் முதல் இலக்கம் பக்கத்து வீட்டுக்காரருடையது, இரண்டாவது அதே ஒழுங்கையில் இருக்கும் சொந்தக்காரருடையது, மூன்றாவதுதான் நீங்கள். உங்கள் பகுதிப் பொலிஸ் நிலையத்தின் நேரடி இலக்கத்தை 94 சேர்த்துப் பதிந்து, ஒருமுறை அடித்தும் பாருங்கள்.

அடுத்தது அசைவை உணரும் சென்சர். உடம்புச் சூடு இடம் மாறுவதை வைத்து அது ஆளை அறிகிறது. அம்மாவா கள்ளனா என்று அதற்குத் தெரியாது. அதை ஹோலில் வைத்தால், அம்மா இரவில் தண்ணீர் குடிக்க எழும்பும்போது சைரன் அலறும். இரண்டு நாள் பொறுப்பா, மூன்றாம் நாள் நிறுத்திவிடுவா. பிறகு அது சுவரில் சும்மா இருக்கும். அதனால் 'இரவு நிலை' உள்ள கருவியாகக் கேளுங்கள். அதில் வெளிக்கதவுகளில் பூட்டிய, கதவு திறந்தால் அறியும் காந்த சென்சர்கள் விழித்திருக்கும், அம்மா நடமாடும் இடத்துச் சென்சர்கள் தூங்கும். அம்மாவின் கட்டில் அருகே அவசர பட்டன் ஒன்றும் கட்டாயம் வேண்டும்.

ஆனால் ஓட்டு வீடு என்கிறீர்கள். ஓட்டைப் பிரித்து இறங்குபவனைக் கதவுக் காந்தம் அறியாது. ஆகவே பாவிக்காமல் பூட்டிக் கிடக்கும் அறைகளில் மட்டும் அசைவுச் சென்சர் இரவிலும் வேலை செய்யட்டும். இங்கே ஒரு தொல்லை: பல்லி. சென்சரின் முகத்தில் பல்லி ஊர்ந்தால், அத்தனை கிட்டத்தில் அதுவே பெரிய உருவமாகித் தவறான அலாரம் அடிக்கும். பூனையும் அப்படித்தான். 'வளர்ப்புப் பிராணிக்கு அடிக்காது' என்று விற்கும் சென்சர், பிராணி தரையில் நடக்கும் என்று நம்பிச் செய்தது. ஓட்டு இடுக்கால் இறங்கி அலுமாரி மேல் நிற்கும் ஊர்ப் பூனையை அதற்குத் தெரியாது. கூரை இடுக்குகளை வலையால் அடையுங்கள், சென்சருக்கு எதிரே உயரமான தளபாடம் வைக்காதீர்கள், மாதம் ஒருமுறை துடைக்கச் சொல்லுங்கள். பொய்யாக நாலு தரம் அடித்தால் ஐந்தாம் தரம் அயலவர் எழும்ப மாட்டார்.

கறண்ட் போனாலும் அலாரத்தின் பற்றரி தாங்கும், ஆனால் எங்கள் வெக்கையில் பற்றரி சீக்கிரம் பழுதாகும். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மெயினை நிறுத்திச் சோதியுங்கள். அழைப்பு எடுக்கக் கருவிக்குள் இருக்கும் சிம்முக்குக் காசு போடவும் மறக்காதீர்கள்.

இனி அந்தத் 'தெரிந்தவர்'. வயர் இழுக்கத் தெரிந்தவர் எல்லாரும் பாதுகாப்பு நிபுணர் என்று பெயர்ப்பலகை மாட்டுகிற காலம் இது. வெளிநாட்டில் இருப்பவரின் வீடு என்றதும் கமரா எண்ணிக்கை ஏறும், இடையில் நிற்பவருக்குக் கொமிஷன் ஏறும். அதைவிட மோசம், கமராவின் பாஸ்வேர்டைத் தம்மிடமே வைத்துக்கொள்வது. அம்மா எப்போது கோயிலுக்குப் போகிறா என்பதை அவர் வீட்டிலிருந்தே பார்க்கலாம். வேலை முடிந்த அன்றே, வீடியோ அழைப்பில் நீங்கள் பார்த்துக்கொண்டிருக்க, பாஸ்வேர்டை மாற்றுங்கள். மறுத்தால் மிச்சக் காசைக் கொடுக்காதீர்கள்.

எட்டில் ஆறு கமராவை வெட்டுங்கள். படலைக்கு ஒன்று, குசினிப் பக்கம் ஒன்று போதும். கமரா எடுப்பதைச் சேமிக்கும் பதிவுப் பெட்டியை ரிவிக்குக் கீழே வைக்காமல் உள்ளறையில் பூட்டி வையுங்கள், இல்லாவிட்டால் கள்ளன் அதையும் தூக்கிக்கொண்டு போவான். மிஞ்சும் காசில் குசினிக் கதவுக்கு உள்ளே குறுக்கே ஒரு இரும்புத் தாழ்ப்பாள் போடச் சொல்லுங்கள்.