பணம் கட்டும் முன் சங்கத்தைப் பாருங்கள்

அன்புள்ள சகோதரிக்கு,

குலசேகரத்திலிருந்து நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. மகள் பத்தாம் வகுப்பு, 400 மீட்டர் ஓடுகிறாள், பள்ளி விளையாட்டில் மாவட்ட அளவில் முதலிடம். ரொம்ப சந்தோஷம். இந்த நேரத்தில் ஒருவர் வந்து, "ஒலிம்பிக்" என்று பெயர் வைத்த ஒரு மாணவர் அமைப்பில் சேர்த்து நேபாளத்துக்கு சர்வதேசப் போட்டிக்கு அழைத்துப் போகிறேன், 35,000 ரூபாய் கட்டுங்கள் என்கிறார். கணவர் ரப்பர் பால்வெட்டுக்குப் போய்க் கொண்டுவரும் காசில் அது முடியாது, கம்மலை அடகு வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வைக்காதீர்கள். அந்த ஒரு பதிலுக்காகத்தான் இவ்வளவு அவசரமாக எழுதுகிறேன். காரணம் புரிய வேண்டுமானால், நம் நாட்டில் விளையாட்டை யார் நடத்துகிறார்கள், யார் கையெழுத்துக்கு மதிப்பு என்று கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

இந்திய ஒலிம்பிக் சங்கம் 1927-இல் தொடங்கியது. 2022 முதல் அதன் தலைவர் பி.டி.உஷா, 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் விநாடியில் நூறில் ஒரு பங்கில் வெண்கலத்தைத் தவறவிட்டவர். ஒலிம்பிக், ஆசிய விளையாட்டு, காமன்வெல்த் விளையாட்டு மூன்றுக்கும் இந்திய அணியை அனுப்புவது இந்தச் சங்கம். ஒலிம்பிக்குக்கு ஒரு வீரரின் பெயரைக் கொடுக்கும் உரிமை நாட்டில் வேறு எவருக்கும் கிடையாது. ஆனால் அது உங்கள் மகளைப் போன்ற ஒரு மாணவியை நேரடியாகச் சேர்த்துக்கொள்ளும் இடம் இல்லை. ஒவ்வொரு விளையாட்டுக்கும் உள்ள தேசிய சம்மேளனங்கள்தான் அதில் முக்கிய உறுப்பினர்கள். தடகளம் என்றால் இந்திய தடகள சம்மேளனம், அதன் கீழ் தமிழ்நாடு தடகள சங்கம், அதன் கீழ் மாவட்டத் தடகள சங்கம். உங்கள் பிள்ளை நுழைய வேண்டிய வாசல் நாகர்கோவிலில் இருக்கிறது, காத்மாண்டுவில் இல்லை.

இந்தச் சங்கிலியில் வராத போட்டியில் எத்தனை தங்கம் வாங்கினாலும், வேலைக்கோ கல்லூரிக்கோ கொண்டுபோகும்போது பெரும்பாலும் ஓரமாக வைத்துவிடுவார்கள். மத்திய அரசு விளையாட்டு ஒதுக்கீட்டு வேலைக்கு விண்ணப்பிக்கும்போது படிவங்கள் கேட்பார்கள். இந்தியாவுக்காக ஆடியிருந்தால் படிவம் 1, அதில் தேசிய சம்மேளனச் செயலாளர் கையெழுத்து. மாநிலத்துக்காக தேசியப் போட்டியில் ஆடியிருந்தால் படிவம் 2, அதில் மாநில சங்கச் செயலாளர் கையெழுத்து. பல்கலைக்கழக அணிக்குப் படிவம் 3. பள்ளி அணியில் தேசிய அளவில் ஆடியவர்களுக்குப் படிவம் 4, அதில் கல்வித்துறை கையெழுத்து. நேபாளத்துக்கு அழைத்துப் போகிறேன் என்கிற அந்த ஆளிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "நீங்கள் தரும் சான்றிதழை வைத்து படிவம் 1-இல் இந்திய தடகள சம்மேளனம் கையெழுத்துப் போடுமா?" அதற்கு அவர் என்ன சொல்கிறார் என்பதிலேயே விஷயம் தெரிந்துவிடும். உண்மையான இந்திய அணியில் இடம் பிடிக்கிற பிள்ளை தகுதித் தேர்வில் ஓடித்தான் இடம் பிடிக்கும். பணம் கட்டி யாரும் அந்த அணிக்குள் போவதில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சங்கம் சரியானதாக இருந்தாலும் தேர்வு என்பது சிக்கலான விஷயம். துப்பாக்கி சுடுதலில் ஒலிம்பிக் இடத்தை ஒருவர் வென்றால் அந்த இடம் நாட்டுக்குச் சொந்தம். 2023-இல் மெஹுலி கோஷ் வென்று கொடுத்த இடம் இருந்தும், 2024 பாரிஸ் ஒலிம்பிக்குக்கான தகுதிச் சுற்றுகளில் முன்னே வந்த வேறு இருவர்தான் போனார்கள். தடகளம் வேறு மாதிரி. அங்கே குறித்த நேரத்தை ஓடியோ உலகத் தரவரிசையிலோ தகுதி பெற வேண்டும், ஒரு போட்டிக்கு ஒரு நாட்டுக்கு அதிகபட்சம் மூன்று பேர். பாரிஸில் பெண்கள் 400 மீட்டருக்கு நேரடித் தகுதி நேரம் 50.95 விநாடி. ஹிமா தாஸ் 2018-இல் ஓடிய இந்திய சாதனையே 50.79. உங்கள் மகளைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. அவள் இப்போது ஓடும் நேரத்தை ஒரு நோட்டில் தேதியோடு எழுதி வைக்கச் சொல்லுங்கள். அந்த நோட்டில் நேரம் குறைந்துகொண்டே வருகிறதா என்பதுதான் அடுத்த நான்கைந்து வருடத்துக்கு முக்கியம். தனி ஓட்டத்தில் எட்ட முடியாதவர்களுக்கு 4 பெருக்கல் 400 தொடர் ஓட்டம் என்ற வழியும் உண்டு. நம் தமிழ்நாட்டு சுபா வெங்கடேசனும் வித்யா ராம்ராஜும் பாரிஸுக்குப் போனது அந்த அணியில்தான்.

தேர்வில் அநியாயம் நடந்தால் கேட்கவும் வழி இருக்கிறது. உங்களுக்குப் பக்கத்தில் கடையாலுமூட்டில் செவித்திறன் குறைந்த ஒரு தடகள வீராங்கனை 2021-இல் தகுதி பெற்றும் அணியில் விடுபட்டார். உயர் நீதிமன்றம் சொன்ன பிறகு போலந்துக்குப் போய் ஓடினார். செவித்திறன் குறைந்தோருக்கான விளையாட்டை நடத்துவது வேறு அமைப்பு, இருந்தாலும் பாடம் நமக்கும் உரியது. 2025-இல் வந்த தேசிய விளையாட்டு ஆளுமைச் சட்டம் இத்தகைய வழக்குகளுக்கென்றே ஒரு தீர்ப்பாயத்தைக் கொண்டுவருகிறது. சங்கங்களின் நிர்வாகம் கெட்டால் அடி வாங்குவது வீரர்கள்தான். 2012-இல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி இந்தியச் சங்கத்தை இடைநீக்கம் செய்தது. 2014 சோச்சி குளிர்கால ஒலிம்பிக் தொடக்க விழாவில் நம் வீரர்கள் தேசியக் கொடி இல்லாமல் நடந்தார்கள். இதை நினைத்தால் எனக்கு இப்போதும் வருத்தம்தான்.

அப்புறம் பணம். பயிற்சிச் செலவு பெரும்பாலும் ஒலிம்பிக் சங்கத்திலிருந்து வராது, அரசிடமிருந்துதான் வரும். 2018-இல் தொடங்கிய மத்திய அரசின் கேலோ இந்தியா திட்டத்தில் தேர்வானால் மாதம் 10,000 ரூபாய் கைச்செலவுக்கு உண்டு, பயிற்சியும் உணவும் தனி. ஒலிம்பிக் பதக்க வாய்ப்புள்ளவர்களுக்கான டாப்ஸ் திட்டத்தில் முதல்நிலை வீரர்களுக்கு மாதம் 50,000. அதெல்லாம் தூரம். இப்போதைக்கு உங்களுக்கு வேண்டியது தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம். நாகர்கோவில் அண்ணா விளையாட்டரங்கத்தில் மாவட்ட விளையாட்டு அலுவலரைப் பாருங்கள். விளையாட்டு விடுதிக்கான தேர்வு எப்போது, முதலமைச்சர் கோப்பைக்குப் பதிவு எப்போது, மாவட்டத் தடகள சங்கத்தில் யாரைப் பார்க்க வேண்டும் என்று மூன்றையும் ஒரே நாளில் கேட்டுவிடலாம். எல்லை தாண்டினால் திருவனந்தபுரம் காரியவட்டத்தில் லட்சுமிபாய் தேசிய உடற்கல்விக் கல்லூரி இருக்கிறது. இந்திய விளையாட்டு ஆணையத்தின் பயிற்சி மையமும் அங்கேதான். விடுதியில் விடுவதாக இருந்தால் பெண் காப்பாளர் இருக்கிறாரா, பெண் பயிற்சியாளர் இருக்கிறாரா, புகார் என்றால் யாரிடம் சொல்வது என்று வெளிப்படையாகக் கேளுங்கள். கேட்கத் தயங்கவே கூடாது.

பதினொன்றாம் வகுப்பில் எந்த குரூப் என்று கேட்டிருந்தீர்கள். மதிப்பெண் இடம் கொடுத்தால் உயிரியல் எடுக்கட்டும். காயம் வந்து ஓட்டம் நின்றாலும் பிசியோதெரபி, விளையாட்டு அறிவியல் என்று போகலாம். பொறியியலில் விருப்பம் என்றால் கணிதம் சேர்ந்த குரூப் வேண்டும். தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்கு 500 இடங்கள் இருக்கின்றன. மாநில அரசு வேலைகளில் 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீடும் உண்டு. இவை எல்லாமே நான் மேலே சொன்ன சான்றிதழ்களைக் கேட்கும்.

சத்து மாவு, பவுடர், ஊசி என்று யாராவது கொடுத்தால் வாங்க வேண்டாம். ஊக்கமருந்து சோதனையில் சிக்கினால் "எனக்குத் தெரியாமல் கலந்துவிட்டார்கள்" என்று சொல்லி எளிதில் தப்ப முடியாது. 2019-இல் ஆசியத் தங்கம் வென்ற நம் மாநில வீராங்கனை ஒருவர் பதக்கத்தையும் இழந்து, நான்கு ஆண்டு தடையும் பெற்றார். சளி மாத்திரை வாங்கினாலும் விளையாடுகிற பிள்ளை என்று டாக்டரிடம் சொல்லிவிட்டு வாங்குங்கள்.

கடைசியாக ஒரு வேலை, இந்த வாரமே முடியுங்கள். மகளின் பிறப்புச் சான்றிதழ், ஆதார், பள்ளிச் சான்றிதழ் மூன்றிலும் பெயர் எழுத்தும் பிறந்த தேதியும் ஒன்றாக இருக்கிறதா பாருங்கள். வயதுப் பிரிவுப் போட்டிகளில் நன்றாக ஓடுகிற பிள்ளைகள் திரும்பி வருவது பல சமயம் இந்தத் தேதிக் குழப்பத்தால்தான். மாறி இருந்தால் நகல்களை எனக்கு அனுப்புங்கள். எங்கே போய்த் திருத்துவது என்று எழுதுகிறேன்.