கரண்ட் அடித்தால் இதயம் சரியாகுமா?

கேள்வி: அப்பாவுக்கு 68 வயது. மேலறைத் துடிப்பு தாறுமாறாக இருக்கிறது, ஷாக் கொடுத்துச் சரிசெய்யலாம் என்கிறார் டாக்டர். ஆனால் 3 வாரம் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை போட்டுவிட்டு வரச் சொல்கிறார். வீட்டில் கரண்ட் அடித்தால் ஆளே போய்விடுகிறாரே, அது எப்படி இதயத்தைச் சரிசெய்யும்? சினிமாவில் இதயம் நின்றவருக்குத்தானே ஷாக் வைக்கிறார்கள்?
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: சினிமாவை விடுங்கள். ஈசிஜியில் நேர்கோடு ஓடுகிறவருக்கு ஷாக் வைத்துப் பிரயோஜனமில்லை, நெஞ்சை அழுத்துவதும் மருந்தும்தான் அங்கே வேலை.

இதயத்தின் வலது மேலறையில் சைனஸ் கணு என்று ஒரு சின்னத் திசு இருக்கிறது. தாளம் போடுவது அதுதான், ஓய்வாக இருக்கும்போது நிமிடத்துக்கு 60 முதல் 100 வரை. உங்கள் அப்பாவுக்கு அதன் சத்தம் யார் காதிலும் விழவில்லை. மேலறை முழுக்க மின்னலைகள் சந்தைக்கடை மாதிரி கண்டபடி சுற்றுகின்றன. ஷாக் அடித்ததும் தசைச் செல்கள் மொத்தமாக ஒரே நேரத்தில் தூண்டப்படுகின்றன, தூண்டப்பட்ட செல் கொஞ்ச நேரத்துக்கு வேறெந்தத் தூண்டலையும் ஏற்காது, அதனால் சுற்றிக்கொண்டிருந்த அலை போக இடமின்றி அணைந்துவிடும். அந்த அமைதியில் முதலில் வாய் திறப்பது சைனஸ் கணு.

வீட்டுக் கரண்ட் நொடிக்கு 50 தடவை முன்னும் பின்னுமாகத் திசை மாறி ஓடும், கை விடுபடும்வரை விடாது, நல்ல இதயத்தையே துடிக்கவிடாமல் நடுங்க வைத்துவிடும். இத்தனைக்கும் 1947-ல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் கிளாட் பெக் என்ற அறுவை மருத்துவர் அறுவை சிகிச்சை மேசையில் ஒரு 14 வயதுப் பையனைக் காப்பாற்றியது அந்த மாதிரி மாறுமின்னோட்டத்தை நேராக இதயத்தில் பாய்ச்சித்தான்! 1960-களின் தொடக்கத்தில் பெர்னார்ட் லோன் என்ற இதய மருத்துவர் இதை ஒரே திசையில் ஓடும் நேர்மின்னோட்டத்துக்கு மாற்றினார். இப்போது ஷாக் சில மில்லிநொடிதான். அதுவும் தப்பான நேரத்தில் விழுந்தால் கீழறைகள் நடுங்க ஆரம்பித்துவிடும் என்பதால், பொத்தானை அழுத்திய பிறகும் கருவி அடுத்த துடிப்பு வரும்வரை காத்திருந்துதான் அடிக்கும். மயக்கத்தில் இருப்பார், வலி தெரியாது. அப்புறம் நெஞ்சுத் தோல் கொஞ்சம் சிவந்து எரியலாம், அவ்வளவுதான். பலருக்கு அந்தத் தாறுமாறான துடிப்பு திரும்பவும் வருவதுண்டு, அதையும் மனதில் வையுங்கள்.

சரி, மாத்திரை எதற்கு? ஒழுங்காகச் சுருங்காத மேலறையில் ரத்தம் தேங்கி, கட்டி உறைந்திருக்கலாம். தாளம் திரும்பியதும் அது பெயர்ந்து மூளைக்குப் போனால் பக்கவாதம். மேலறை பழையபடி சுருங்கவும் நாளாகும் என்பதால் ஷாக்குக்குப் பிறகும் குறைந்தது 4 வாரம் மாத்திரை தொடர வேண்டும், சிலருக்குக் காலம் முழுக்க. “அதான் சரியாயிடுச்சே” என்று அப்பா பாதியில் நிறுத்தப் பார்ப்பார், விடாதீர்கள்.